காரிருளனுக்கு அடைக்கலம்

அது லீலாவின் கை செய்த வேலை. மூளைக்கு அதில் துளியும் பங்கில்லை என்று எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய அவள் தயார். ஆனால் கை யாருடையது என்று கேட்டால் அவளுடையதுதானே. அதைத்தான் கோபிநாத் கேட்டார். 

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளியம்மாள் மெஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரி டிபனுக்கு அடுப்பு பற்றவைக்கும்வரை அதன் மாடி ஹால் சும்மாதான் கிடக்கும். அந்த நேரத்தில் ஐந்து பேர் அங்கே கூடி, நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கதைக்குள் போய்விடுவார்கள். கதைசொல்லி கோபிநாத். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். புனேவுக்கு ட்ரெயினிங் போன இடத்தில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து, விதிகளைத் தமிழில் மாற்றிக்கொண்டவர். காட்டையும் கோட்டையையும் பேய்களையும் அவர் சொல்லிக்கொண்டே போக, மற்ற நால்வரும் ஆளுக்கொரு வீரனாக மாறி, கதவை உடைக்கிறேன், மரத்தில் ஏறுகிறேன் என்று சொல்வார்கள். கதவு உடைந்ததா, கிளை முறிந்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். நாற்பதை நெருங்குகிற ஒரு மனிதர் பிசாசுக் குரலில் உறுமுவதைக் கேட்டு, முதல் வாரம் கிளியம்மாள் கரண்டியோடு மாடியேறி வந்துவிட்டார். இப்போதெல்லாம் போண்டா கொண்டு வருகிற சாக்கில் நின்று, கொஞ்சம் கதை கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்.

வீரர்களுக்குப் பொம்மை கிடையாது. மெக்கானிக் ஷாப்பில் கேட்டு வாங்கிய கழிசல் சாமான்கள்தான் மேசைமேல் நிற்கும். திருடன் வேடம் கட்டும் சுபாஷுக்கு ஒரு வளைந்த ஸ்க்ரூ. வில் பிடிக்கும் அமலாவுக்கு ஒரு ஸ்பிரிங். லீலாவின் கணவன் சிவசங்கருக்கு ஒரு பெரிய நட்டு. லீலாவுக்குப் பளபளவென்று துலக்கிய, குட்டி வளையம் போன்ற ஒரு பித்தளைப் புஷ். அவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்த கொடியவன் காரிருளன், கரிபிடித்த ஒரு ஸ்பார்க் பிளக்.

பித்தளை சும்மா வரவில்லை. லீலாவின் ஒளிமதி ஓர் அறவீராங்கனை, தெய்வத்தின் பெயரால் வாளெடுத்தவள். அவள் கை பட்டால் காயம் ஆறும். இவ்வளவு தூரம் நால்வரும் உயிரோடு வந்ததே அந்தக் கையால்தான். ஆனால் தெய்வம் இனாமாகக் கொடுக்கவில்லை. பொய் சொல்லேன், ஆயுதமற்றவரை வெட்டேன், அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடேன் என்று முதல் நாளே சபதம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. மீறினால் அந்த நிமிஷமே கையில் இருக்கிற ஒளி அணைந்துவிடும். இங்கிலீஷில் சபதம் போட்டால் நம் ஆட்களுக்கு உறைக்காது என்று கோபிநாத் அதைத் தமிழில் சொல்ல வைத்தார். லீலாவும் மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க, வலது கையை மேசைமேல் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சிவசங்கரின் வேங்கையன் வேறு மாதிரி. அவனுக்குத் தெய்வம், மந்திரம் எதுவும் கிடையாது. அவன் ஊர் மருதஞ்சேரியைக் காரிருளன் ஓர் இரவில் கொளுத்திவிட்டான். அந்த ஊரைச் சிவசங்கர்தான் உண்டாக்கினான். ஏரிக்கரையில் எத்தனை பனை, யார் வீட்டில் எந்த மாடு, தங்கைக்கு எந்தக் காதில் தோடு தொலைந்தது வரைக்கும் அவன் சொல்ல, விளையாட்டுக்கு இவ்வளவு எதற்குண்ணா என்று சுபாஷ் கிண்டல் செய்தான். சிவசங்கர் அப்படித்தான். ஒன்றில் இறங்கினால் கழுத்துவரை இறங்குவான். காரிருளன் தலையை எடுக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்று வேங்கையன் சபதம் செய்திருந்தான். வேங்கையனின் தாடி இப்போது இடுப்பைத் தாண்டியிருக்கும்.

லீலாவுக்கும் சிவசங்கருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு முக்கியம் என்பது மற்ற மூவருக்கும் முழுதாகத் தெரியாது. இருவரும் வேலை செய்வது வேறு வேறு கம்பெனி. அவளுக்குக் காலை ஷிஃப்ட். அவனைப் போன வருஷம் நைட் லைனில் போட்டார்கள், இன்னும் மாற்றவில்லை. மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கவும் அவள் கம்பெனி பஸ் வரவும் சரியாக இருக்கும். சாவி கை மாறும். இட்லி இருக்கிறது, கேஸ் தீரப்போகிறது என்ற அளவில் பேச்சு முடியும். பஸ்காரன் ஹாரன் அடிப்பான். அவள் சாயங்காலம் வந்து சமைத்து நிமிர்வதற்குள் அவன் கிளம்பியாக வேண்டும். சண்டை போட்டுக்கொள்ளக்கூட நேரமில்லாத குடித்தனம். அதில் குறையொன்றும் இல்லை என்றுதான் இருவரும் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். இருந்து பார்த்தார்கள். அவன் தூங்கினான், அவள் துணி துவைத்தாள், பொழுது போய்விட்டது. களைத்துக் கிடப்பவனை எழுப்ப அவளுக்கு மனம் வராது. வேலை செய்பவளை உட்காரச் சொல்ல அவனுக்கு வாய் வராது. மூன்று பேர் நமக்காக மெஸ் மாடியில் காத்திருக்கிறார்கள் என்றால்தான் அவன் முகம் கழுவுவான், அவள் வாளியைக் கீழே வைப்பாள். பைக்கில் ஏறியதும் ஆரம்பிக்கிற பேச்சு திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்வரை ஓயாது. வாரத்தில் அவர்கள் ஒன்றாக விழித்திருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு காரிருளன் மலைக்குகையில் மாட்டிக்கொண்டான். மந்திரமெல்லாம் தீர்ந்து, கைத்தடி முறிந்து, பின்னால் பாறை, முன்னால் வேங்கையனின் வாள். கிளியம்மாள் போண்டாத் தட்டை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். சிவசங்கர் பகடையைக் கையில் குலுக்க ஆரம்பித்தான். அப்போது கோபிநாத் குரலை இறக்கி, ஸ்பார்க் பிளக்கை மெதுவாகச் சாய்த்து, பித்தளைப் புஷ்ஷின் காலடியில் படுக்க வைத்தார்.

"ஒளிமதி. உன் காலில் விழுகிறேன். அடைக்கலம்."

லீலாவின் கை நீண்டது. பிளக்கை எடுத்தது. தன் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

அவள் வேலையைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வருகிறவற்றில் சந்தேகமானதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் காலையிலிருந்து அவள் கை செய்கிற வேலை. வைத்து மஞ்சள் சீட்டு கட்டிவிட்டால் பிறகு சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் யாரும் தொடக்கூடாது. நல்லது என்று லைனில் விடுவதா, கழிசலில் போடுவதா என்று முடிவாகும்வரை அது எடுத்து வைத்தவளின் பொறுப்பு. குகையில் அவளுக்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்க வேண்டியதைக் கை பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டது.

ஆனால் மேசையில் ஒரு விதி இருந்தது. காயில் கை வைத்தால் வைத்ததுதான், திரும்ப வாங்கக்கூடாது. நகர்த்துவதும் இழுப்பதுமாகச் சுபாஷ் கொடுத்த தொல்லை தாங்காமல் போட்ட விதி. கோபிநாத் பிளக்கைப் பார்த்தார், லீலாவைப் பார்த்தார். ஒளிமதி அடைக்கலம் கொடுத்துவிட்டாள் என்றார்.

நான் யோசிக்கத்தான் எடுத்தேன் என்று லீலா சொன்னது எடுபடவில்லை. கை யாருடையது என்று அவர் கேட்டது அப்போதுதான்.

பிறகு நடந்த வாக்குவாதத்தில் போண்டா ஆறிப்போனது. அடைக்கலம் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருப்பது நால்வருக்கும் அன்றுதான் தெரிந்தது. மனசார வராத சரணாகதி செல்லாது என்றான் சுபாஷ். கார் கம்பெனி வெல்டிங் லைனில் லீடராக இருப்பவன், மனசு என்று ஒன்றைப் பற்றி அவன் பேசியே யாரும் கேட்டதில்லை.

"அக்கா, இவன் மாட்டிக்கினதால காலுல வுழறான். திருந்தியா வுழறான்?"

"மாட்டிக்காதவன் எவன்டா அடைக்கலம்னு வருவான்?" என்றாள் லீலா. சொன்ன பிறகுதான், யோசிக்க எடுத்த பொருளுக்காக இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

அமலா அதிகம் பேசாதவள். கைவிடேன் என்றால் கூடவே வைத்துக்கொள்வேன் என்று அர்த்தமா, ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டால் சபதம் தீர்ந்துவிடாதா என்று கேட்டாள். ராஜா அன்றைக்கே கழுவில் ஏற்றுவான், அது தெரிந்தே ஒப்படைத்தால் கைவிட்டது போலத்தான் என்றார் கோபிநாத். அவரே கண்டுபிடித்த ராஜா, அவர் சொன்னால் ஏற்றத்தான் செய்வான்.

இந்த ஊரில் யார் வாக்கு, சத்தியம் என்று பேச்செடுத்தாலும் அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் இங்கே பிறந்த மகான் உடையவரோடு கோபுரத்தில் ஏறி நின்றுவிடும். அன்றும் நின்றது. ஏற்றிவிட்டவன் சிவசங்கர். குருவுக்குக் கொடுத்த வாக்கை மீறி மந்திரத்தை ஊரறியச் சொன்னவர், அதனால் நரகமே கிடைத்தாலும் சரி என்றவர், பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒரு சபதத்தை மீற இவ்வளவு பயமா என்று கேட்டான்.

லீலா அவனை நேராகப் பார்த்தாள். "அவரு வாக்கை மீறுனது நாலு பேரு பொழைக்க. நீங்க மீறச் சொல்றது ஒருத்தன் சாவறதுக்கு."

கிளியம்மாள் தலையாட்டினார். சிவசங்கரின் முகம் சிவந்தது. "என் ஊரு எரிஞ்சப்போ உன் சாமி எங்க போச்சி?" என்றான். அது வேங்கையன் பேசுகிற தொண்டையிலிருந்து வரவில்லை, அவனுடைய சொந்தத் தொண்டையிலிருந்து வந்தது. கோபிநாத்கூட பிசாசுக் குரலை விட்டுவிட்டு, நிலைமையைச் சாதாரணக் குரலில் எடுத்துச் சொன்னார். வேங்கையன் வெட்டப் போனால் ஒளிமதி தடுத்தாக வேண்டும். தடுக்காவிட்டால் அவள் ஒளி போய்விடும். தடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் சாகும்வரை சண்டை. செத்த வீரனுக்கு உரியவர் இந்தக் கதை முடியும்வரை மறுபடி ஆட முடியாது. அந்த விதியும் சுபாஷுக்காகப் போட்டதுதான். முந்தின கதையில் அவன் வாரத்துக்கு ஒரு முறை செத்து, வாரத்துக்கு ஒரு புது ஆளாக வந்துகொண்டிருந்தான்.

கீழே மாவு அரைக்கிற சத்தம் கேட்டது, ஹாலைக் காலி செய்ய வேண்டும். வேங்கையன் வாளை ஓங்கியபடி நிற்க, ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த வாரமாவது சீக்கிரம் வெட்டி முடித்துவிட்டுச் சாப்பிட வாருங்கள் என்று கிளியம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார்.

பைக்கில் பேச்சில்லை. அதுதான் லீலாவை உலுக்கியது. மண்ணூர் வருவதற்குள் அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். வேங்கையன் செத்தால் இவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குவார். தூங்கட்டும், பாவம், தூங்க வேண்டியவர்தான். ஒளிமதி செத்தால் நான் வாளியை எடுப்பேன். துணி கிடக்கிறது, எடுக்கத்தான் வேண்டும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சண்டை வராது, சத்தம் வராது. இருக்கிற ஒரு ஞாயிறும் சாவி மாற்றிக்கொள்கிற நாளாகிவிடும். ஒரு ஸ்பார்க் பிளக்குக்காகவா என்று நினைத்தால் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மேசையிலிருந்து கையோடு வந்துவிட்ட பிளக்கைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. எடுத்து வைத்தது அவள், முடிவாகும்வரை அவள் பொறுப்பு. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். புதன்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் சாவியை வாங்கிய கையோடு சிவசங்கர் கேட்டான்.

"உன் ஆளு எங்க?"

"பையில கீறான்."

"பட்டினி போட்டுடாத" என்றான். சிரித்தானா இல்லையா என்று பார்ப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வினை வந்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பையைச் சோதிப்பார்கள். செக்யூரிட்டி நரசிம்மன் லீலா வயதுக்காரன்தான், ஆனால் யூனிஃபார்ம் போட்டதும் பத்து வயது கூடிவிடும். துணியைப் பிரித்தான், பிளக்கைப் பார்த்தான், முகம் இறுகியது. வண்டிச் சாமான் செய்கிற இடத்திலிருந்து வண்டிச் சாமானைப் பையில் எடுத்துப் போனால் அதற்கு என்ன பெயர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கம்பெனி பிளக்கே செய்வதில்லை என்பது நல்ல காலம்.

வீட்டுக்காரர் பைக்கிலிருந்து கழற்றியது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்லேன் என்று மெஸ் மாடியில் கை வைத்துச் சொன்னது அங்கேயே வந்து குறுக்கே நின்றது. லீலாவுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. விளையாட்டில் சொன்னதற்கு கேட்டில் என்ன வேலை? ஆனாலும் பொய் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, காரிருளன் யார், அவன் எப்படிக் காலில் விழுந்தான், அவனை ஏன் பையில் வைத்துச் சுமக்கிறாள் என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். நரசிம்மன் சிரிக்கவில்லை. பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் கரியும் தேய்மானமும் கதைக்குச் சாட்சி சொன்னதோ என்னவோ, துணியைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது தன் புலம்பலையும் சேர்த்துக் கொடுத்தான்.

"வெட்டுறது ஈசி மேடம், வுட்டுர்றதும் ஈசி. வெச்சிக் காவல் காக்கறதுதான் பேஜார். எங்களையே பாருங்க, மூணு ஷிஃப்ட்டுக்கும் ஆளு போடணும், கீறது ரெண்டே பேரு."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு லீலாவுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு நரசிம்மனின் புலம்பல் உறைத்தது. அவன் சொன்னது சரி. காரிருளனை வைத்துக்கொள்வேன் என்று வாய் சொல்லிவிட்டது. ராத்திரி ஒளிமதி தூங்கினால் அவனை யார் பார்ப்பது என்பதை அவள் யோசிக்கவேயில்லை.

ஞாயிறு வந்தது. சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். கிளியம்மாள் போண்டாத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார், அடுப்பு அதன்பாட்டுக்கு அணைந்து கிடந்தது. லீலா துணியைப் பிரித்துப் பிளக்கைப் பித்தளைப் புஷ்ஷுக்குப் பின்னால் வைத்தாள். எதிரே நட்டு நின்றது. சிவசங்கர் பகடையை எடுத்தான்.

வேங்கையன் வெட்டப் போகிறான், ஒளிமதி என்ன செய்கிறாள் என்று கோபிநாத் கேட்டார். அவர் குரலில் இருந்த பயம் கதைக்காக வரவழைத்ததில்லை. நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவரை இன்றோடு இழக்கப் போகிறோம் என்ற கவலை.

"ஒளிமதி வாளைக் கீழ வைக்கறா" என்றாள் லீலா. "சண்ட போட மாட்டா. அவனுக்கும் இவருக்கும் நடுவுல நிக்கறா. வெட்டறதுன்னா அவளைத் தாண்டித்தான் வெட்டணும்."

ஆயுதமற்றவரை வெட்டேன் என்பது ஒளிமதியின் சபதம்தான், வேங்கையனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அவன் தாராளமாக வெட்டலாம் என்று சுபாஷ் ஞாபகப்படுத்தினான். அமலா அவன் காலை மிதித்தாள். கைவிடேன் என்றவள் எதிர்த்துச் சண்டை போட வேண்டும் என்று எங்கும் இல்லை, நடுவில் நிற்பதும் காப்பாற்றுவதுதான், ஒளி அணையாது என்று கோபிநாத் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இனி எல்லாம் சிவசங்கர் கையில்.

சிவசங்கர் பகடையைப் போடவில்லை. கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். லீலாவுக்கு அவன் கோபம் தெரியும், ஒன்றில் இறங்கினால் கழுத்துவரை இறங்குவது தெரியும். மருதஞ்சேரி அவனுக்கு எத்தனை பிரியம் என்பதும் தெரியும். நைட் லைனில் மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அந்த ஊரைத்தான் மனசுக்குள் கட்டிக்கொண்டிருப்பேன் என்று ஒரு முறை சொல்லியிருந்தான். அதைக் கொளுத்தியவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

கடைசியில் அவன் வாயைத் திறந்தான். வேங்கையனாகப் பேசவில்லை.

"சரி, நான் வெட்டல. நீ ராத்திரி தூங்குவியே. அப்போ கட்ட அவுத்துக்கினு உன் கழுத்துல கத்திய வெச்சான்னா?"

 புதன்கிழமையிலிருந்து லீலாவும் இதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் வேறொரு கதவைத் திறந்தது. ஒரு வாரமாக இந்த மனுஷன் கடுகடுவென்று இருந்தது எரிந்துபோன ஊருக்காக மட்டும் இல்லை. தன் பெண்டாட்டி ஒரு கொலைகாரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கப் போகிறாளே என்பதற்காகவும்தான். பித்தளைப் புஷ்தான், இருந்தாலும். அவளுக்கு அவனை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கிளியம்மாள் இருந்ததால் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

சிவசங்கர் பகடையை மேசையில் வைத்துவிட்டு, நட்டை எடுத்துப் பிளக்குக்கு மறுபக்கம் நிறுத்தினான். இப்போது காரிருளனுக்கு ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் நட்டு.

"எனக்குத்தான் ராத்திரி முழிக்கறது பழக்கமாச்சே. பகல்ல நீ பாத்துக்க, ராத்திரி நான் பாத்துக்கறேன். தாடி இருந்துட்டுப் போவட்டும்."

மேசையைச் சுற்றி எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோபிநாத் கையைத் தட்டியே விட்டார். கொடியவனும் பிழைத்தான், சபதமும் பிழைத்தது, ஆட்டக்காரர்களும் பிழைத்தார்கள், ஒரு கதைசொல்லிக்கு இதைவிட என்ன வேண்டும்? கண்டுபிடிச்சாருப்பா என் தம்பி என்று கிளியம்மாள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கக் கிளம்பினார்.

லீலா மட்டும் காய்கள் நின்ற வரிசையையே பார்த்தாள். அவளும் சந்தோஷப்பட வேண்டியவள்தான், கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பகலில் ஒளிமதி காவல் நிற்பாள், வேங்கையன் தூங்குவான். இருட்டினால் வேங்கையன் எழுவான், ஒளிமதி படுப்பாள். விடியற்காலையில் ஒருவரையொருவர் கடந்து போவார்கள். அங்கே சாவிகூடக் கிடையாது, கை மாற.

"வேணாங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கிளியம்மாள் படிக்கட்டில் நின்றார்.

"எல்லா ஊர்லயும் இதே பொழப்புதானா? அங்கியாவது ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல இருக்கலாம்."

சிவசங்கர் அவளைப் பார்த்தான். தூக்கம் போதாத கண்கள், எப்போதும் கொஞ்சம் சிவந்தே இருக்கும். அவை மெல்ல விரிந்தன.  நட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பித்தளைப் புஷ்ஷோடு ஒட்டி வைத்தான். டக்கென்று சின்னச் சத்தம் கேட்டது.

கோபிநாத் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கடமையைச் செய்தார். ஆட்டத்தில் ராத்திரிக்கு இரண்டு ஜாமக் காவல்; இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜாமம் விழித்தால் இன்னொரு ஜாமத்துக்கு ஆள் இல்லை. இரண்டு ஜாமமும் விழித்தால் மறுநாள் வாளைத் தூக்கக்கூட முடியாது. விதி விதிதான், அவர் என்ன செய்வார். 

சுபாஷ் போண்டாவைக் கடித்த வாயோடு கையைத் தூக்கினான். "இன்னொரு ஷிஃப்ட்டு நானும் அமலாவும்ண்ணா. அவன் கழுத்துல கை வைக்க மாட்டேன், சத்தியமா."

திருடன் சத்தியத்தை யார் நம்புவது என்று அமலா கேட்டாள். நீ முழித்திருந்து அவனையும் சேர்த்துப் பார்த்துக்கொள் என்றார் கோபிநாத். இப்படியாகக் காரிருளனுக்குக் காவல் அமைந்தது. ஆட்டம் மேலே போயிற்று. குகைக்கு வெளியே கதையில் பொழுது சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், கம்பெனி பஸ் ஒன்று காலியாக டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோபிநாத் குரலை மறுபடி இறக்கினார். தீ மூட்டியாகிவிட்டது, கைதி கட்டிக் கிடக்கிறான், மற்ற இருவரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டு, கணவன் மனைவி இருவரையும் பார்த்தார்.

"மொத ஜாமம். நீங்க ரெண்டு பேரும் முழிச்சினு கீறீங்க. இன்னா பண்றீங்க?"

"பேசினு கீறோம்" என்றான் சிவசங்கர்.

"இன்னா பேசறீங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

லீலா சிரித்த சிரிப்பு கீழே சமையல்கட்டுவரை கேட்டது. காட்டில் இரவு என்றால் ஓநாயோ பேயோ வருகிறதா என்று கதைசொல்லி பகடை போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் விதிதான். கோபிநாத் பகடையை எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விடியும்வரை ஒன்றும் வரவில்லை என்றார்.